திருஷ்டிக்கு ஒரு கை தண்ணீர்

திருமானூர்
12.9.2001

உயர்திரு மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

மாமனார் பஞ்சநாதன் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, பசுமாடு மூவரும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் என் மகள் தென்றலும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மாப்பிள்ளையை ஒருமையில் எழுதக் கூடாது என்பதால் நீங்கள் என்றே எழுதுகிறேன். மற்ற மரியாதை எதையும் இந்தக் கடிதத்தில் தேட வேண்டாம்.

பால் சங்கத் தலைவருக்குப் பால் விஞ்ஞானி மாப்பிள்ளை என்று ஊரே மெச்சித்தான் கல்யாணம் நடந்தது. ஆடிக்கு அழைத்தால் மற்ற மாப்பிள்ளைகள் வருவார்கள், விருந்து சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நீங்கள் ஆராய்ச்சிக்கு என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கிராமத்துப் பாலின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நானும் புத்தி கெட்டுப்போய்ச் சங்கத்துக்கு அழைத்துச் சென்று நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். செயலாளர் செல்லக்கண்ணு எல்லார் கேனிலும் தரம் பார்க்கிற லாக்டோமீட்டரை விடுவார், தலைவர் கேனில் மட்டும் விடமாட்டார். அது மரியாதை. நீங்களோ, சுத்தமான பால் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டுகிறேன், அதை வைத்துத்தான் மற்றதை மதிப்பிட வேண்டும் என்று சொல்லி, எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் என் வீட்டுப் பாலை எடுத்துப் பெட்டியில் ஊற்றினீர்கள். பெட்டியைத் தட்டிப் பார்த்தீர்கள். மறுபடியும் ஊற்றினீர்கள். பிறகு, "மாமா, இதுல தண்ணி இருக்குங்க" என்றீர்கள். மெதுவாகச் சொல்லத் தெரியாதா? உங்களுக்கு வகுப்பெடுக்கிற குரல்.

மாட்டுக்குக் கண் படக் கூடாது என்று, பால் வாசலைத் தாண்டும் முன் ஒரு கை தண்ணீர் தெளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் அத்தை ரத்தினம்மாள் இதை ஓடிவந்து விளக்கினாள். நீங்கள் விட்டீர்களா? "ஒரு கை தண்ணிக்கு இவ்வளவு காட்டாதுங்க அத்தை" என்றீர்கள். விசாரித்தால், கறக்கிற வீரம்மாள் கறந்த கையோடு தெளிக்கிறாளாம். கேனுக்கு மாற்றும்போது உங்கள் அத்தை தெளிக்கிறாள். சைக்கிளில் கட்டும்போது நான். ஒருவர் தெளிப்பது இன்னொருவருக்குத் தெரியாது. மாட்டின்மேல் அவ்வளவு பாசம் எங்களுக்கு. யாருக்கும் சின்னக் கையாக அமையவில்லை என்றால் அதற்கு நாங்கள் என்ன செய்வது?

அடுத்து ஊற்றிய அத்தனை பேருடைய பாலும் என் பாலைவிட நன்றாக இருந்தது. சங்கத்தில் எனக்கு ஆகாத ஒரே ஆள் அரியமுத்து. தன் பால் தலைவர் பாலைவிடச் சுத்தம் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெற்ற மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா வீட்டுப் பாலின் கணக்கைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டாளே, அதுதான் இன்னும் வயிற்றை எரிக்கிறது.

அடுத்த கூட்டத்திலேயே என் பதவி போயிற்று. இப்போது அரியமுத்துதான் தலைவர். டீக்கடையில் தண்ணி டீக்குத் 'தலைவர் டீ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போகிறேன். உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்லி என் பெயரையும் போடப்போகிறீர்களாம், தென்றல் எழுதியிருக்கிறாள். பெயரைக் கெடுத்தது போதும், அச்சில் வேறு ஏற்ற வேண்டாம்.

ஆகவே தலைதீபாவளிக்கு உங்களை அழைப்பதற்கில்லை. முறை கெட்டாலும் கெடட்டும், என் மனம் ஆறவில்லை.

கல்லங்குறிச்சிப் பெருமாள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உங்களுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் இங்கிதத்தையும் கொடுக்கட்டும்.

மனம் நொந்த மாமனார்,
பஞ்சநாதன்
(முன்னாள் தலைவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் செல்லக்கண்ணு வந்து ஒரு சேதி சொன்னார். சங்கத்துக்கு நல்லது செய்தவர் என்று, தலைதீபாவளி விருந்துக்கு உங்களைத் தன் வீட்டுக்கு அழைத்து அரியமுத்து கடிதம் போட்டுவிட்டாராம். என் மாப்பிள்ளை அவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால் நான் ஊரில் இருந்து பிரயோசனமில்லை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தென்றலை அழைத்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு நம் வீட்டில்தான். அரியமுத்து வந்து ரொம்பவும் வற்புறுத்தினால், அவரும் இப்போது தலைவர்தானே, பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.