சுருளித் தீர்த்தமும் மூன்று இளநீரும்

“பொறுப்பான பையன்” என்று யாராவது என்னைப் பாராட்டினால் இன்றும் எனக்குக் கோபம்தான் வரும். 2003-இல் அப்படிப் பாராட்டித்தான் என் கையில் அந்தப் பித்தளைக் குடத்தைக் கொடுத்தார்கள்.

கடமலைக்குண்டுப் பக்கம் எங்கள் ஊரில் மழை பொய்த்து, அப்பாவின் தக்காளிச் செடிகள் சாகக் கிடந்த நேரம். சுருளி அருவியில் தீர்த்தம் எடுத்துவந்து அம்மனுக்கு ஊற்றினால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால், நிரப்பிய குடம் கோயில் வந்து சேரும்வரை கீழே வைக்கக் கூடாது. (இந்த விதியை உண்டாக்கிய மகராசன் ஒரு நாளும் பஸ்ஸில் போயிருக்க மாட்டார்.)

விரதம் என்பதால் காலையிலிருந்து பட்டினி. இளநீருக்குத் தடையில்லை என்று நானே தீர்ப்பு எழுதி, அருவிக்கரையிலேயே மூன்று குடித்தேன். கம்பத்தில் பஸ் மாறியபோதே அடிவயிறு முட்டியது. உத்தமபாளையத்தில் பஸ் நின்றதும், பக்கத்து சீட்டு அக்காவிடம் குடத்தை நீட்டினேன்.

“அக்கா, சுருளித் தீர்த்தம். கீழ மட்டும் வச்சிராதீக. ரெண்டே நிமிசம்.”

“குடுங்க தம்பி. பத்திரமா வச்சுக்கிறேன்.”

நான் திரும்பி வந்தபோது பஸ் இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வழியெல்லாம் விசாரித்து, சின்னமனூரைத் தாண்டி ஓர் ஊரில் இறங்கி ஓடினேன். கோயிலில் மேளம் முழங்கியது. வாசலில் அதே அக்கா. இடுப்பில் என் குடம். காலி!

“யாரைக் கேட்டு ஊத்துனீக?” என்று கத்தினேன்.

“பின்ன என்ன தம்பி செய்யச் சொல்றீக? கீழ வைக்கக் கூடாதுன்னீக. எம்புட்டு நேரம் இடுப்புலயே வச்சிருக்கிறது? இங்கனயும் மழையில்ல. பெரியாளுக பேசி, எங்க ஆத்தாளுக்கே ஊத்திட்டாக.”

எங்கள் ஊர்த் தீர்த்தம்! என் பட்டினி! இது பகல் கொள்ளை இல்லையா? நியாயம் கேட்ட என்னை உட்காரவைத்துப் பொங்கல் போட்டார்கள். ஆத்திரத்தோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவ எழுந்தபோது மழை கொட்டியது. அந்த ஊரில் மட்டும்.

சொட்டச் சொட்ட நனைந்து, காலிக் குடத்தோடு காய்ந்த ஊருக்குள் நுழைந்தேன். அப்பா என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏலே, எங்கன நனைஞ்ச?”

சொன்னேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அந்த வருடம் தக்காளி மிஞ்சவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் பஸ்ஸை எடுத்த டிரைவரையோ, ஆள் ஏறினானா என்று பார்க்காத கண்டக்டரையோ ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாம் என் தலையில்தான்.

இப்போதும் மேகம் கறுத்துவந்து எங்கள் ஊரை விட்டு விலகிப் போனால், அப்பா வாசலில் நின்று வீட்டுக்குள் குரல் கொடுப்பார்:

“அவன் இன்னும் ஒன்னுக்குப் போயிட்டு வரலையா?”