மனிதன்தான் என்பதற்கு ஆதாரம்

லிஃப்ட் மெக்கானிக் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தச் செய்தியை மூன்றாவது முறையாகப் படித்தார். 'உங்கள் பெயரில் ஆடுவது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் எழுந்துள்ளது. சந்தேகம் தீராவிட்டால் இறுதிச் சுற்றில் இடமில்லை.'

"யாராம்? நான்தானே ஆடறேன்," என்றார் மனைவியிடம்.

சோபாவில் படுத்திருந்த மைத்துனன் எழுந்திருக்காமலே கையை மட்டும் நீட்டிக் கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"உங்களை ரோபோன்னு நினைக்கிறாங்க மாமா."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. போக்கரில் உங்கள் கையில் இரண்டு சீட்டு. அது உங்களுக்கு மட்டும் தெரியும். மேஜையில் ஐந்து சீட்டு. அது எல்லோருக்கும் தெரியும். மிச்சமெல்லாம் தைரியம். நல்ல சீட்டு வந்தால் மனிதன் அவசரப்படுவான், மோசமான சீட்டை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்டும்போது தயங்குவான். இணையச் சீட்டாட்டத்தில் திருட்டுத்தனமாக நுழையும் கணினி புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தச் சீட்டுக்கும் மூன்றே விநாடி.

மெக்கானிக்கும் மூன்று விநாடிதான் எடுத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் குழிக்குள் இறங்குபவர் அவர். கதவு, கம்பிவடம், பிரேக் என்று இருபத்தொரு வரிகள் கொண்ட அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கும். ஒரு வரியைத் தாண்டினாலும் யாராவது நடுமாடியில் தொங்குவார்கள். போக்கருக்கும் அதேபோல் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார். எந்த இரண்டு சீட்டுக்கு ஆடுவது, எதற்குச் சீட்டைக் கவிழ்த்து விலகுவது எல்லாம் அதில் உண்டு. அப்படியே பதினோரு சுற்று ஜெயித்துவிட்டார். இன்னும் மூன்று சுற்று, பிறகு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இறுதி.

போட்டியைக் கண்டுபிடித்தது மைத்துனன். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு மட்டும் மலையளவு என்று சொல்லி, படிவத்தையும் அவனே மளமளவென்று நிரப்பி அனுப்பினான். அந்தப் பரிசு கிடைத்தால் தரைமட்டத்தில் சொந்தமாக ஒரு பழுதுபார்க்கும் கடை போடலாம். மெக்கானிக்கின் வலது முழங்கால் இன்னும் ஒரு வருடம்தான் ஏணி ஏறும் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். மனைவி தையல்கடைக்குப் பக்கத்தில் இடம்கூடப் பார்த்துவிட்டாள்.

"என்னைப் போய் ரோபோங்கறாங்க. கூட ஆடறவங்கதான்டா மரக்கட்டை மாதிரி இருக்காங்க. வணக்கம்னு எழுதினா ஒருத்தன் பதில் போடறதில்ல."

"பெரிய ஆட்டக்காரங்க மாமா. உங்க வணக்கத்தை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"மனுஷன்னா தப்பு பண்ணணும்," என்றாள் மனைவி. "வீட்ல எப்படி இருக்கீங்களோ அப்படி ஆடுங்க, போதும்."

மெக்கானிக் புது அட்டை எழுதினார். ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தப்பு. கவிழ்க்க வேண்டிய சீட்டைக் கவிழ்க்காமல் ஏகத்துக்குப் பந்தயம் கட்டினார். எதிராளிகள் அத்தனை பேரும் திணறிப்போய்ச் சீட்டைக் கவிழ்த்தார்கள். ஜெயித்தார்.

செய்தி வந்தது. 'சந்தேகம் வலுத்துள்ளது.'

"ஒன்பதுக்கு ஒண்ணுன்னு கணக்கா தப்பு பண்ணா எவன் நம்புவான்?" என்றான் மைத்துனன். "பேசுங்க மாமா. மனசு விட்டுப் பேசுங்க."

அடுத்த சுற்றில் மெக்கானிக் அரட்டைப் பெட்டியில் மனசு விட்டார். முழங்கால் குளிரில் எப்படி வலிக்கும், ஆறிப்போன டீயை ஏன் திரும்பச் சூடாக்கக் கூடாது, வேலை தேடுகிறேன் என்று வந்த மைத்துனன் சோபாவை விட்டு எழுந்திருக்காதது எல்லாவற்றையும் எழுதினார். ஒருத்தரும் பதில் போடவில்லை. அந்தச் சுற்றையும் அவரே ஜெயித்தார்.

"நடுவுல என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றான் மைத்துனன்.

"மனசு விட்டுப் பேசச் சொன்னது நீதானடா."

'சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. இது கடைசி எச்சரிக்கை.'

மூன்றாவது சுற்றுக்கு மனைவியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "உடனே அழுத்தாதீங்க. கொஞ்சம் தவிங்க. நெத்தியைத் துடைங்க."

"நெத்தியைத் துடைக்கறது அவங்களுக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமில்ல."

பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் துணி காய்கிறது என்று அவரை எழுப்பி விரட்டினாள். திரும்பி வந்து ஈரக்கையால் அவசரமாக எதையோ அழுத்தினார். அதிலும் ஜெயித்துத் தொலைத்தார்.

'நாளை மாலை ஐந்து மணிக்கு அதிகாரி உங்களை வீடியோவில் நேரடியாக விசாரிப்பார்.'

ஞாயிற்றுக்கிழமை ஐந்துக்குத் திரையில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் அதிகாரி தெரிந்தார். மேஜைமேல் பிறப்புச் சான்றிதழ், முழங்கால் எக்ஸ்ரே, கல்யாண ஆல்பம் மூன்றும் தயாராக இருந்தன.

"நீங்களேதான் ஆடறீங்களா சார்?"

மெக்கானிக் அட்டையைப் பார்த்தார். "ஆம். நான் ஒரு மனிதன். எனக்குக் குடும்பம் உண்டு."

மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "அட்டையைக் கீழ வைங்க. இப்படிப் பேசினா நானே நம்ப மாட்டேன்."

எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக முழித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினாள். "பாருங்கம்மா, அப்பவே இப்படித்தான் முழிப்பாரு. பொறப்பே அப்படி."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றார் மெக்கானிக். பிறகு திரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அம்மா, நான் மெஷின் இல்லம்மா. ஒவ்வொரு சீட்டுக்கும் உள்ள உதறுது. உதறல் தெரியக் கூடாதுன்னுதான் அட்டையைப் பார்த்து ஆடறேன். இந்தக் கால் ஓஞ்சுபோறதுக்குள்ள ஒரு கடை போட்டாகணும். வேற ஒண்ணும் இல்ல."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். முகம் கனிந்தது.

"போதும் சார். எனக்கு இப்ப துளி சந்தேகம் இல்ல. நீங்க மனுஷர்தான்."

மனைவி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். மைத்துனன் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான்.

"அப்ப ஆறு மணிக்கு ஆட உக்காரலாங்களா?"

"அதெப்படி சார் முடியும்? இது புரோகிராம்களுக்கு மட்டும் நாங்க நடத்தற போட்டி, நடுவுல யாரோ ஒரு மனுஷன் பூந்து ஆடறான்னுதான் புகாரே."