பல்லுக்காரர் செய்த கார்

கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

பல்லுக்காரர் அந்தச் சின்னக் காரை உள்ளங்கையில் வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இப்போது கொஞ்சம் கூடவே சாய்ந்த மாதிரி தெரிந்தது.

"என்னங்க, அது அப்படித்தான் இருக்கணுமா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"இல்ல."

"அதான் கேட்டேன்."

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பல் செட் கட்டித் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் இவர் கட்டிய பல்லில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசை நிறைய மெழுகும் பிளாஸ்டரும் தாடை தாடையாக அச்சுகளும் கிடக்கும். இப்போது அவற்றை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் இந்தக் கார்.

இது பல் வேலை இல்லை. கல்யாண வேலை.

மகளுக்கு ஒரு மெக்கானிக்கின் பையனைப் பிடித்திருந்தது. பையன் தங்கம். அவன் அம்மா அதற்கு மேல் தங்கம். அப்பாதான் என்ன உலோகம் என்றே தெரியவில்லை. முதல் தடவை இவர்கள் வீட்டுக்கு வந்தவர், சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டதற்குக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிஸ்கட் தட்டை நீட்டினால் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை முழு நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை இவர்கள் அங்கே போனபோது ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்களை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும் அந்த மனுஷனுக்கு?" என்று வீடு வந்து சேரும்வரை பொருமினாள் மனைவி.

பையனைத் தனியாகப் பிடித்துக் கேட்டால், கழுத்தைச் சொறிந்தபடி, "அப்பா இப்பக் கொஞ்சம் அப்படித்தான் இருக்காரு மாமா," என்று தரையைப் பார்த்தான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "அவர் வாயால சரின்னு ஒரு வார்த்தை வரட்டும்ப்பா. வேண்டா வெறுப்பா தலையாட்டற வீட்டுக்கு நான் போக மாட்டேன்."

சொன்ன கையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. அதுதான் பல்லுக்காரரை என்னவோ செய்தது. அவள் சின்ன வயதிலிருந்தே சத்தம் போட்டு அழுகிற பிள்ளை.

அப்போதுதான் அந்தக் காரின் பேச்சு வந்தது. மெக்கானிக் வாலிபத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து தன் கையாலேயே செய்த கார். ஹாட் ராட் என்று பெயராம். காயலான் கடையில் கிடந்த அந்தக் காலத்து வண்டியை இழுத்து வந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, பானெட்டையும் விட்டெறிந்து, எஞ்சினை ஊர் பார்க்க வெளியே நிறுத்தி, முன்பக்கம் தாழ, பின்பக்கம் தூக்க, வேகம் ஒன்றுக்காகவே கட்டிய வண்டி. கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். மகள் தன் போனில் அதன் படத்தை வைத்திருந்தாள். பெற்ற பிள்ளைக்கு அடுத்தபடி அவருக்கு அதுதான் என்று பையன் சொல்லியிருந்தானாம். சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு முந்தி என்றும் வைத்துக்கொள்ளலாம் என்றானாம்.

அதையே சின்னதாக, இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்து கையில் கொடுத்தால் மனுஷன் வாயைத் திறக்காமலா போய்விடுவார்? அரிசியளவு பல்லில் சாயம் பார்த்துத் தீட்டுகிற கைக்கு ஒரு காரா பெரிது?

கடையில் அதே காலத்துக் காரின் பிளாஸ்டிக் பொம்மையைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஆனால் அது மரியாதையான கார். மட்கார்டு, பானெட், வெட்டுப்படாத உயரமான கூரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றை எல்லாம் அறுத்துப் போட வேண்டும் என்று அவர் விளக்கியபோது, பாதியைக் குப்பையில் போடுவதற்கா முழுசாக வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆக, கூரை சாய்ந்திருந்தது. தூண்களை அறுத்ததில் ஒன்று மட்டும் ஒரு நூல் குட்டை.

பல்லுக்காரருக்கு இது தெரியாத நோய் இல்லை. மேல் செட்டும் கீழ் செட்டும் சரியாகப் பொருந்தாவிட்டால், நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். நீலம் படிந்த இடம் மேடு. அதை ராவினால் சரியாகிவிடும். அவர் கூரைக்கும் தூணுக்கும் நடுவில் நீலத் தாளை வைத்துத் தட்டினார். மூன்று தூணில் நீலம். மூன்றையும் ராவினார். இப்போது நாலாவதில் மட்டும் நீலம். அதை ராவினார். மறுபடி மூன்றில் நீலம்.

ஒருவழியாக நாலு தூணிலும் ஒரே அளவாக நீலம் படிந்தபோது, ஜன்னல் என்று சொல்ல ஒரு கீறல்தான் மிச்சம் இருந்தது.

"ஓட்டறவன் படுத்துக்கிட்டுதான் ஓட்டணும் போல," என்றாள் மனைவி.

சரி, கூரையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போகிறது. கையில் இருந்தது பல் செட்டுக்கு ஈறு கட்டுகிற ரோஸ் நிறப் பொடி. குழைத்துத் தூண்களின் மேல் வைத்து, நகத்தால் வழித்து, அழகாக உயர்த்தினார். அது இறுகச் சுடுதண்ணீரில் போட வேண்டும். எத்தனையோ வருஷப் பழக்கம். கை தானாகப் போட்டுவிட்டது. ஈறுப் பொடிக்குச் சுடுதண்ணீர் அமிர்தம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது என்பது, இடுக்கியால் வெளியே எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரின் மூக்கு தொங்கிவிட்டது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போன் படத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் தாழ்ந்துதான் இருக்க வேண்டும், இது நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றாள். பல்லுக்காரர் மூச்சு விட்டார். பிறகு அவள் காரைத் திருப்பினாள். பின்பக்கமும் தாழ்ந்திருந்தது. வயிறு தரையில் படிந்து, சாப்பிட்டுப் படுத்த முதலை மாதிரி கிடந்தது.

பின்னால் தூக்க வேண்டும் என்றால் பெரிய சக்கரம் வேண்டும். பெட்டியில் இருந்தவை எல்லாம் ஒரே அளவு. வீடெல்லாம் தேடினார். கடைசியில் கிடைத்தது, தடித்த, வட்டமான, விளிம்பில் பள்ளம் ஓடிய, டயருக்கென்றே செய்த மாதிரி கறுப்பு உருப்படிகள் நாலு. இரண்டிரண்டாக ஒட்டினால் பின் டயர் தயார்.

"என் மழைக்கோட்டுல பொத்தான் எங்கே?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டிலும் வாயைத் திறக்காத ஓர் ஆண் பிள்ளை இருக்கிறார் என்பதை மனைவி அன்று தெரிந்துகொண்டாள்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டது. தூக்கிய வேகத்தில் எஞ்சின் கழன்று முன்னால் விழுந்தது. அதை ஒட்டினார். கறுப்பு அடித்தார். தூண்களில் ரோஸ் நிறம் மட்டும் அடங்காமல் எட்டிப் பார்த்தது. ஈறு ஈறுதான். இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. ரோஸ் மறைந்தது. அதோடு கதவுக் கோடும் கைப்பிடியும் சேர்ந்து மறைந்தன. உள்ளே போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று மனைவி கேட்கவில்லை. கேட்பது மாதிரி பார்த்தாள்.

இத்தனை இருந்தும் தள்ளி நின்று பார்த்தால் அது அந்தக் கார் மாதிரியேதான் இருந்தது. தாழ்ந்த கூரை, தூக்கிய முதுகு, சிவப்புச் சக்கரம். மகளே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கை பட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. முன்னால் ரேடியேட்டரை மறைத்து நிற்கும் கிரில் ஒன்றுதான் பாக்கி. பெட்டியில் வந்தது வெறும் பிளாஸ்டிக். உண்மையான உலோகத்தில் வார்த்து, பளபளவென்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் அவரை யாரும் அசைக்க முடியாது. மெழுகில் கம்பி கம்பியாகச் செதுக்கி, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறவைத்து உடைத்து எடுத்தார். வரிசையாக, பளிச்சென்று, அளவாக வந்திருந்தது. காரில் பொருத்தினார்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"கார் சிரிக்குது."

அவரும் பார்த்தார். சிரிக்கத்தான் செய்தது. எத்தனையோ வருஷமாக ஒரே ஒரு பொருளை மட்டும் செதுக்கிய கை. கம்பி என்று நினைத்துச் செதுக்கினாலும் மேலே குறுகி, நடுவில் லேசாகப் பருத்து, நுனியில் மழுங்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அசல் முன்வரிசைப் பற்கள்.

ராவிக் கம்பியாக்கிவிடலாம் என்று மெருகு போடும் மெஷினில் பிடித்தார். மெஷின் ஒரு தடவை உறுமியது. நடுவில் இருந்த இரண்டும் தெறித்துப் பறந்து, ஒன்று அலமாரிக்கு அடியிலும் மற்றது எங்கோ ஓர் இடத்திலும் போய்ச் சேர்ந்தன.

மறுபடி வார்க்க நேரமில்லை. புறப்பட வேண்டும் என்று வாசலில் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கார் அப்படியே, நடுவில் இருட்டாக ஓர் இடைவெளியோடு, பெட்டிக்குள் போனது.

மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கும் வந்து உட்கார்ந்தார், வழக்கம் போல ஜன்னல் பக்கமாக. வணக்கத்துக்குத் தலையசைத்தார். பயணம் பற்றிக் கேட்கவில்லை. பல்லுக்காரர் பேச்சை வளர்க்கவில்லை. பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டார்.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். அப்புறம் அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்து வெளியே எடுத்தார். கூரையின் மேல் ஒரு விரலை ஓட்டினார். பின் சக்கரத்தைச் சுழற்றினார். பொத்தான் தடையில்லாமல் சுற்றியது. எஞ்சினைக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் பளபளத்தது என்று மகள் பின்னால் சத்தியம் செய்தாள். உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது காரை முன்பக்கமாகத் திருப்பினார்.

கை அப்படியே நின்றுவிட்டது. காரைப் பார்த்தார். பல்லுக்காரரைப் பார்த்தார். திரும்பக் காரைப் பார்த்தார். முகம் காது வரை சிவந்தது. கைக்குட்டையை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொண்டு எழுந்தார். காரோடு பின்பக்கத்து ஷெட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் எல்லோரும் ஷெட்டுக் கதவையே பார்த்தார்கள். பையன் கழுத்தைச் சொறிந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று முணுமுணுத்தாள் மனைவி.

ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த வண்டி கிளம்பப் பார்த்துக் கிளம்பாமல் அடங்குகிற மாதிரி ஒரு குலுங்கல். நின்றது. மறுபடி வந்தது. என்னத்தைப் போட்டு உடைக்கிறாரோ என்று பல்லுக்காரர் கதவுப் பக்கம் காதை நீட்டினார். மகள் பையனைப் பார்க்கவில்லை; தன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மானம் மரியாதை எல்லாம் பின்னால் போய்விட்டது.

மெக்கானிக்கின் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, தப்பாக நினைக்கக் கூடாது, கேலிக்குச் செய்ததில்லை என்று ஆரம்பித்தார். கூரை, சுடுதண்ணீர், பொத்தான் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"அந்த முன்னாடி நடுவுல ரெண்டு போனது மட்டும் என் கைப்பிசகு, தங்கச்சி. வேற எதையும் மனசுல வச்சுச் செய்யல."

அந்த அம்மாள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஷெட்டுக் கதவை ஒரு தடவை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்கு யாரும் சொல்லலியா அண்ணா? உங்க வீட்டுக்கு முதல் தடவை வர்றதுக்கு முந்தின நாள் ஸ்பானர் வழுக்கி முன் பல்லு ரெண்டும் போச்சு. 'பல்லு கட்டற சம்பந்தி முன்னாடி இந்தப் பொக்கை வாயை எப்படித் திறக்கறது'ன்னுதானே, எங்க வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டுட்டு, மனுஷன் இத்தனை நாளும் ஊமையா உட்கார்ந்திருக்காரு."