ஷிஃப்ட் கேட்டு வீடு இடித்த மேஸ்திரி

பிள்ளைப்பாக்கத்தில் பிளான் போட்டு வீட்டைப் புதுப்பித்த முதல் ஆள் நான்தான். பொய். பிளானும் என்னுடையது இல்லை, முதல் ஆளும் நான் இல்லை. நான் தூக்கியது செங்கல் மட்டும். அதிலும் பதினோரு மணிக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

எல்லாம் ஷிஃப்ட் மேஸ்திரியின் வேலை. வாஸ்து பார்க்காமல் ஷிஃப்ட் பார்த்து வீடு கட்டிய ஒரே மனிதர் இந்தியாவிலேயே அவர்தான்.

கம்பெனிகள் வந்த புதிதில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வீட்டை இடித்துக்கொண்டிருந்தது. பென்னலூரில் ஒருவர் வாசலில் தூண் வைத்தால், மண்ணூரில் இன்னொருவர் தூணுக்கு மேல் சிங்கம் வைப்பார். நானும் ஹாலில் சுவர் முழுக்க டிவி ஷோகேஸ் என்று கனவு கண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தவர் டேப்பையே எடுக்கவில்லை.

"வூட்ல யாருக்கு இன்னா ஷிஃப்ட்டு?"

"எனக்கு ஜெனரல். பொஞ்சாதிக்கு செல்போன் கம்பெனில நைட்டு."

"பகல்ல எங்க தூங்குது?"

என் மனைவி வசந்தா முந்திக்கொண்டாள். "எங்கண்ணா தூங்குறது? ஹால்ல மூஞ்சி மேல துண்டப் போட்டுகினு பட்த்துகினு கீறேன். போன வாரம் கம்பெனி லைன்லயே, வேலை செய்யுறப்பவே தூங்கிட்டேன். இன்னொரு தபா தூங்குனா வேலைக்கு வராதன்னுட்டாரு சூப்பர்வைசர்."

மேஸ்திரி சாக்பீஸ் எடுத்து என் ஷோகேஸ் வரவேண்டிய இடத்தில் கோடு கிழித்தார். "இங்க ரூமு வருது. ஒம்போது இஞ்ச் சொவுரு. ஜன்னல் பின்னாடி பக்கம்."

"மேஸ்திரி, என் ஷோகேஸு?"

"அதுல யாரு தூங்கப்போறா? போ, கல்லு எடுத்தா."

கதவு ஓரத்தில்கூட ரப்பர் பட்டை ஒட்டினார். ரூம் முடிந்த அன்று நடுப்பகலில் பாயோடு உள்ளே போனார். "நான் வெளிய வர்ற வரிக்கும் சத்தம் போட்டுகினே இரு" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டார்.

மிக்சியை ஓட்டினேன். தாம்பாளத்தைத் தட்டினேன். பாடினேன், தெரு நாய்கள் இடம்பெயர்ந்தன. இரண்டு மணி நேரம் ஆகியும் ஆள் வரவில்லை. கதவை இடித்தாலும் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வாயில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஆளு பூட்டாரு போலகீதே!"

கூட்டம் கூடியது. ஒருவர் கடப்பாரையை ஓங்கினார். கதவு திறந்தது.

மேஸ்திரி கண்ணைக் கசக்கியபடி என்னை முறைத்தார். "ஏன்யா, சத்தம் போடச் சொன்னேனே, ஏன் போடல?"

மறுநாள் அந்த ரூமில் வசந்தா எட்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். பயந்துபோய், மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அதன்பிறகு சூப்பர்வைசர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து, மூன்று மருமகள்களுக்கும் மூன்று ஷிஃப்ட் என்று ஒரு வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் வந்து நின்றார் பாருங்கள், அந்தக் கதை...

இருங்கள், கன்னியம்மா கூப்பிடுகிறார்.

"யோவ், உள்ள இன்னா பண்ற? மேஸ்திரி உங்க கேட்டாண்ட வெயில்ல நின்னுகினு கீறாரு."

"பெல் அடிக்க வேண்டியதுதானே?"

"மாட்டாராம். வசந்தாவுக்கு இந்த வாரம் நைட்டாமே, தூங்குமாம்."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறேன்.