கலியம்மாள் சென்னைக்குப் போகும் விஷயமாக

நெய்வேலி, 21-வது பிளாக்
ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்குப் பின்

அன்பும் அறிவும் கொஞ்சம் மறதியும் உள்ள மருமகப்பிள்ளை சிவசங்கருக்கு,

உன் மாமா குழந்தைவேல் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை திலகவதி சுகம், அவள் பெயரில் இருக்கும் குவார்ட்டர்ஸும் வாசல் முருங்கையும் சுகம். அங்கே நீயும் உன் அப்பா அம்மாவும் அதேபோல் இருக்க வேண்டுமாய் வடலூர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். வாட்ஸப்பில் அனுப்பினால் நீ நீல டிக்கை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாய். கூரியரில் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும் அல்லவா, அதனால் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடந்திருப்பது எல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். போன ஆடி மாதம் நீ லேப்டாப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினபோதே உன் அத்தையிடம், "பார்த்துக்கினே இரு, நம்ம காண்ட்ராக்ட் கம்பெனி தலைகீழா மாறப்போவுது, அதுல என் பேரு அடிபடும்" என்றேன். அவள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை என்கிறாள். மிக்ஸி ஓடினால் நான் சொன்னது சொல்லாததாகிவிடுமா?

உனக்குத் தெரியாதது இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் நம் காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷமாக டைம்கீப்பர். படிப்பு ஒன்பதாவதோடு நின்றாலும் லீவு லெட்டர் எழுதுவதில் இந்த டவுன்ஷிப்பில், ஏன், கடலூர் மாவட்டத்திலேயே எனக்கு இணை கிடையாது. எவனுக்கு லீவு வேண்டுமானாலும் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். காரணம் நான் கொடுப்பேன். யாருக்கு எந்த சொந்தம் எந்த மாதம் செத்தது என்று தனி நோட்டு வைத்திருந்தேன், ஒரே ஆள் இரண்டு தடவை சாகக்கூடாது பார். அப்படியும் மாடசாமியின் சின்ன மாமனார் மூன்று தடவை போய்விட்டார். பாவம், அந்த மனுஷன் போன வாரம்கூட என்னைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார். போன தைப்பூசத்தன்று அறுபது பேரில் முப்பத்தெட்டு பேர் வீட்டில் சாவு. நம் மேனேஜர் நெடுமாறன் சார் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "என்னய்யா குழந்தைவேல், உங்க பக்கம் காலராவா?" என்றார். அன்று சாயங்காலம் அவரே ஜோதி பார்க்க வடலூருக்குப் போனபோது, வரிசையில் அவருக்கு முன்னால் பதினாறு பேர் துக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்களாம்.

இப்படி அரசாண்டுகொண்டிருந்த என்னைத் தேடித்தான் நீ வந்தாய். வேலை செய்கிறவனிடமே கேட்டு, அவனுக்கு எது கஷ்டமோ அதற்குத் தகுந்த மாதிரி போனில் ஒரு ஆப் செய்யப்போகிறோம், ஆபீசுக்கு வசதியாக இல்லை, ஆளுக்கு வசதியாக, என்று சொன்னாய். சபாஷ் என்றேன். ஏழு நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். ஏழு நாளும் நான்தானே பேசினேன்? ரெஸ்ட் ரூமுக்கு ஏ.சி. சொன்னேன், ஷிப்டு பஸ்ஸில் டைம்கீப்பருக்குத் தனி சீட்டு சொன்னேன், ஜப்பானில் தொழிலாளிக்கு மதியம் படுக்கை விரிக்கிறார்கள் என்பதுவரை சொன்னேன். ஜப்பானிலிருந்து ஒருவர் நேரில் வந்து என்னிடம் சொன்ன விஷயம் அது. நீயும் தலையாட்டித் தலையாட்டி டைப் அடித்தாய்.

கடைசி நாள், நீ கிளம்பும் நேரம், ரூம் கூட்டுகிற கலியம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். நீ சும்மா இருக்கமாட்டாமல், "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "காரணம் கேக்காம லீவு குடுத்தா போதுங்க தம்பி" என்றாள். அவ்வளவுதான். ஒரு வரி. அதை நீ டைப்கூட அடிக்கவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டாய். சரி, இது கணக்கில் வராது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

தை பிறந்தது, உன் 'பணித்தோழன்' வந்தது. எல்லார் போனிலும் ஏற்றினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே தமிழில் வாசித்துக் காட்டுகிறது. ஷிப்டு மாற்றிக்கொள்ள வேண்டுமா, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை அமுக்கினால் முடிந்தது. அதுகூடப் பரவாயில்லை. லீவு என்று தொட்டால், எத்தனை நாள் என்று மட்டும் கேட்கிறது. ஏன் என்று கேட்கவே மாட்டேன் என்கிறது! இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்ட கேள்வியை ஒரு போன் கேட்கமாட்டேன் என்கிறதே, இதற்கு என்ன திமிர் இருக்க வேண்டும்? இந்தத் தைப்பூசத்துக்கு ஒரு சாவு இல்லை. பன்னிரண்டு பேர் லீவு, மீதிப் பேர் தங்களுக்குள்ளேயே ஷிப்டு மாற்றிக்கொண்டு எல்லாரும் ஜோதி பார்த்தாகிவிட்டது, பெல்ட்டும் நிற்கவில்லை. நெடுமாறன் சார் கைதட்டினார். என் ஜன்னலில் அன்றைக்கு வந்தது ஒரே ஒரு ஆள், அவனும் சார்ஜர் இருக்குதா என்று கேட்டுக்கினு வந்தவன்.

அதோடு விட்டீர்களா? மூன்று மாதத்துக்கு ஒருதடவை தொழிலாளி ஒருத்தர் சென்னைக்கு உங்கள் ஆபீசுக்கே வந்து, அடுத்து என்ன வேண்டும் என்று சொல்வார், அந்த ஆளைத் தொழிலாளிகளே போனில் தேர்ந்தெடுப்பார்கள் என்று அறிவித்தீர்கள். இது எனக்காகவே செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். நான் சட்டைகூட தைக்கக் கொடுத்துவிட்டேன், லைட் நீலம். கல்யாண போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி ஏற்றினேன். வியாழக்கிழமை ரிசல்ட். கலியம்மாளுக்கு நாற்பத்தொன்று. எனக்கு நான்கு. அதில் ஒன்று நான். இன்னொன்று மாடசாமி, மாமனார் விஷயத்தில் நன்றியுள்ளவன். மூன்றாவது ஜெயப்பிரகாஷ். அவன் நேரே என்னிடமே வந்து, "அண்ணே, கை தவறி உங்க மூஞ்சில அமுக்கிட்டேன், மாத்த முடியுமாண்ணே?" என்று கேட்கிறான். நான்காவது யார் என்று இன்னும் விசாரித்துக்கினு இருக்கிறேன்.

கேன்டீனில் எல்லாரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். "இன்னா கலியக்கா, சென்னைக்குப் போயி எங்கள மறந்துடுவியா?" என்று சிலம்பரசன் கேட்கிறான். "போடா, போயி குந்து, வடை ஆறுது" என்று அவள் சிரிக்கிறாள். நோட்டீஸ் போர்டில் அவள் போட்டோ, லேமினேட் செய்து. என் போட்டோ அந்தப் போர்டில் ஒரே ஒருதடவை வந்திருக்கிறது, ஹெல்மெட் போடாததற்காக. உன் அத்தை இதைப் பொறாமை என்கிறாள். "நீங்க ஏழு நாளு பேசுனீங்க, அவ ஒரு வார்த்த பேசுனா, யாரு பேசுனது காதுல ஏறுச்சு பாருங்க" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்கிறாள். எனக்கு எதுக்குப் பொறாமை? கூட்டுகிற பொம்பளையிடம் டைம்கீப்பருக்குப் பொறாமையா? அவள் போட்டோ என் போட்டோவைவிட ரெண்டு விரல் அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்தது பொறாமையில் இல்லை, தகவலுக்காக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காரணம் கேட்காத லீவு என்ற யோசனையே என்னுடையது. நான்தான் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கலியம்மா, மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்குது, எல்லாத்தையும் ஜன்னல்ல நின்னு சொல்லிக்கினு இருக்க முடியுமா? கேட்டா இப்படிக் கேளு" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதை மனப்பாடம் செய்து உன்னிடம் ஒப்பித்தாள். நியாயமாகப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை சென்னைக்கு வர வேண்டியது நான். நாற்பத்தொரு பேருக்குத் தெரியாத இந்த உண்மை உனக்குத் தெரிந்தால் போதும். நீ உங்கள் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. அது முடியாதென்றால், லீவு பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'யோசனை: குழந்தைவேல், டைம்கீப்பர்' என்றாவது போடு. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே வாசித்துக் காட்டிவிடும்.

மற்றபடி இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு என் வணக்கம், அம்மாவுக்கு முருங்கைக்காய் தனியாக அனுப்புகிறேன். உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் கல்யாணம் கூடிவரட்டும், பதினாறு செல்வத்தோடு ஆளுக்கு வசதியான ஒரு பெண்ணாக அமையட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
தி. குழந்தைவேல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இன்னொருதடவை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் சின்னத் திருத்தம். நான் கலியம்மாளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதினது நடக்கவில்லை. நடந்தது வேறு. நீ வருவதற்கு முந்தின வருஷம் அவள் என் ஜன்னலில் வந்து நின்று, "மூணு நாள் லீவு வேணுங்கண்ணே" என்றாள். பின்னால் எட்டு ஆம்பளைங்க வரிசை. "காரணம் இன்னாம்மா?" என்றேன். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தாள். "நல்லா சத்தமா சொல்லு, எழுதணும் இல்ல?" என்றேன். எவனோ சிரித்தான், நானும் சிரித்தேன். "ஒண்ணும் இல்லண்ணே" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மூன்று நாளும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கூட்டினாள், நான் ஆஜர் போட்டேன். ஆகையால் பெயர் போடுவதாக இருந்தால் அவள் பெயரையே போடு. இதை அவளிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை பஸ் ஏற்றிவிடும்போது நானே சொல்லலாம் என்று அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், உன் பணித்தோழனில்தான். எதற்கு என்று கேட்காமலே கொடுத்துவிட்டது. கேட்டிருந்தால் எனக்கும் சொல்ல வந்திருக்காது.