கல் சாயக் கூடாது

ஏழு மலைக்கும் இரண்டு ஆற்றுக்கும் நடுவே அத்திமேடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரைக் குடிமக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். போட்டிக்கு இரண்டே கட்சிகள்: உலக்கைக் கட்சி, முறக் கட்சி. எது வென்றாலும் மாறாத வழக்கம் ஒன்று அந்த நாட்டில் உண்டு. எதைக் கட்டினாலும் அதன் வாசலில் ஆள் உயரக் கருங்கல் ஒன்றை நட்டு, அதில் மன்னரின் பெயரைச் செதுக்கி, மஞ்சள் பட்டுத் திரையால் மூடி வைப்பார்கள். மன்னர் வந்து திரையை இழுப்பார். மேளம் கொட்டும். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும்.

பழுதுபார்க்கும் வேலைக்குப் பெயர்க்கல் கிடையாது. நாலு ஓடு மாற்றியதற்கெல்லாம் மன்னர் வந்து திரை இழுப்பாரா? ஆகவே அத்திமேட்டில் யாரும் எதையும் பழுதுபார்ப்பதில்லை. கூரை ஒழுகினால் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டிக் கல் நட்டார்கள். அதுவும் ஒழுகத் தொடங்கியதும் இன்னொன்று. தலைநகரில் ஒழுகும் மருத்துவச்சாலைகள் மட்டும் வரிசையாக ஒன்பது நின்றன. நோயாளிகள் மேகத்தைப் பார்த்து இடம் மாறிப் படுத்துக்கொண்டார்கள்.

அரண்மனையும் அப்படித்தான். மழைக்காலத்தில் அரசவை குடைகளோடு கூடும். மந்திரிகளுக்குப் பட்டுக்குடை, செயலர்களுக்கு ஓலைக்குடை, புலவர்களுக்கு வாழையிலை. ஒரு நாள் உலக்கைக் கட்சி மன்னர் கொடிவேந்தர் பாயசம் அருந்திக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து சுண்ணாம்புக் காரை பெயர்ந்து கிண்ணத்தில் விழுந்தது. முந்திரி என்று நினைத்து ஆசையாகக் கடித்தார். கடைவாய்ப் பல் போயிற்று. நாட்டுக்கு ஒரு பராமரிப்புக் கொள்கை தேவை என்று அத்திமேடு உணர்ந்தது அன்றைக்குத்தான்.

மராமத்து மந்திரி அறவாழியார் அவையில் எழுந்து நின்றார். மராமத்து மந்திரி என்ற பதவி முன்பே இருந்தது. வேலைதான் இல்லை.

"மாமன்னா! எவையெவை நம் சொத்து என்று அறியாமல் அவற்றைப் பராமரிப்பது எங்ஙனம்? முதலில் பட்டியல் எடுக்க வேண்டும்."

"நன்று. பட்டியல் முடியும் வரை யாம் என்ன செய்வது?" என்றார் மன்னர், கன்னத்தைப் பிடித்தபடி.

"குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வது, மன்னா."

எழுத்தர்கள் எட்டுத் திசையும் புறப்பட்டுப் போனார்கள். ஆனால் கட்டடங்களுக்குள் நுழைய ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்களும் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்தானே, தலையில் என்னென்ன விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா? வாசலில் நின்றபடியே பெயர்க்கல்லைப் படித்து, அதை எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொத்துகள் பட்டியலில் ஏறின. அத்தனையும் கற்கள்.

பட்டியல் அப்படி இருந்தால் கொள்கையும் அதற்கு ஏற்றபடிதானே வரும்? தண்டோரா போட்டு ஊர் ஊராக வாசித்தார்கள். பட்டியலில் உள்ள எந்தச் சொத்தும் சாயக் கூடாது, பாசி பிடிக்கக் கூடாது. அதைச் சுற்றிப் பத்து முழத்துக்குத் தரை உறுதியாக இருக்க வேண்டும். சொத்து சாய்ந்தால் அதன் காவலர் பதவி இழப்பார், மராமத்து மந்திரியும் கூடவே போவார். இந்தக் கடைசி வரியை யாரோ ஒரு புது எழுத்தர் ஆர்வக்கோளாறில் சேர்த்திருந்தார். அறவாழியார் வழக்கம்போல் படிக்காமல் முத்திரை குத்திவிட்டார்.

நாடெங்கும் பெயர்க்கற்களுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டினார்கள். வெயில் படாமல் ஒவ்வொன்றுக்கும் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். கீற்று போதாதபோது மருத்துவச்சாலைக் கூரையிலிருந்து உருவிக்கொண்டார்கள். நோயாளிகள் எழுந்து வந்து கல்லடியில் படுத்தார்கள். அங்கேதான் ஒழுகவில்லை.

நாட்டின் தென்கோடியில் ஒரு பெரிய ஏரி. அதன் கரைக்கு அடியில் கீழ்மடை என்று நாற்பது வீடுகள் கொண்ட ஊர். மடையைத் திறந்து மூடுவதும் கரையைக் காவல் காப்பதும் சடைச்சி என்ற பெண்ணின் பொறுப்பு. ஆவணி மாதம் கரையில் ஒரு கசிவைக் கண்டாள். சுண்டுவிரல் கனம்தான். களிமண் அப்பினாள். மறுநாள் அது கட்டைவிரல் கனமாகி அவளைப் பார்த்துச் சிரித்தது. கரையை வெட்டி உள்ளே களிமண் இடித்து அடைக்க வேண்டும், அதற்கு நூறு ஆளாவது வேண்டும்.

கரையை ஒட்டிய முதல் வீடு சடைச்சியுடையது. மகள் பொன்னுருவி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பெருமழையும் ஐப்பசியில்தான் வரும். சடைச்சி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தலைநகருக்கு நடந்தாள்.

"ஐயா, ஏரிக்கரை ஒழுகுது. மழைக்கு முந்தி அடைக்கணும். வீட்ல புள்ளத்தாச்சி இருக்கா."

அறவாழியார் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். "ஏரிக்கரை என்று ஒன்று இல்லையே."

"இல்லையா? அது மேலதானய்யா நடந்து வந்தேன்!"

"பெயர்க்கல் உண்டா?"

"கல்லு எதுக்கு? எங்க பாட்டன் பூட்டன்லாம் கூடையில மண்ணு சுமந்து போட்ட கரை அது."

"பெயர்க்கல் இல்லையேல் அது சொத்து இல்லை. சொத்து இல்லையேல் அது பழுதாக இயலாது. அம்மணி, உன் கரை மிக்க நலத்துடன் இருக்கிறது. ஏனெனில் அது இல்லை."

"அப்ப ஒரு கல்லை நட்டு விடுங்க சாமி."

"புதியனவற்றுக்கே கல் நடுவது மரபு. அங்கே புதிதாக ஏதேனும் உண்டா?"

சடைச்சி வெகுளியாக யோசித்தாள். "ஒழுக்கு ஒண்ணுதான் புதுசு."

அடுத்த வாரமே மன்னர் கீழ்மடைக்கு எழுந்தருளினார். கசிவுக்குப் பக்கத்தில் கல் நட்டாயிற்று. திரையை இழுத்ததும் 'கொடிவேந்தர் அருவி' என்ற எழுத்துகள் தெரிந்தன. மேளம் கொட்டியது. மன்னர் வலது கால் பெருவிரலை அருவியில் நனைத்துக்கொண்டார். ஊரார் பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிடுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

பட்டியலில் ஏறியபின் அருவியையும் பராமரிக்க வேண்டுமே. திறப்பு நாளன்று இருந்த கனத்துக்குக் குறையாமல் அது ஓட வேண்டும் என்று ஆணை வந்தது. கூடவே செம்பையா என்ற காவலரும் வந்து சேர்ந்தார். களிமண் கூடையோடு போன சடைச்சியை அவர் மறித்துக்கொண்டார்.

"அரசாங்கத்து அருவிய அடைக்கப் போறியா? கூடைய எறக்கு."

"அடைக்கலன்னா கரை போயிரும்யா."

"கரைன்னு ஒண்ணு கெடையாதுன்னு மந்திரியே சொல்லிட்டாருல்ல?"

புரட்டாசியில் கசிவு மணிக்கட்டுக் கனம் ஆனது. மாதக் கடைசியில் தொடைக் கனம். அருவி நல்ல வளர்ச்சி கண்டிருக்கிறது என்று செம்பையா எழுதி அனுப்ப, அறவாழியார் அவருக்குச் சால்வை அனுப்பி வைத்தார். சடைச்சி மகளை வேறு ஊருக்குப் போகச் சொல்லிப் பார்த்தாள். "நாப்பது வீடும் இங்க கெடக்கையில நான் மட்டும் எங்கம்மா போக?" என்று பொன்னுருவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்தது, மழையும் வந்தது. நாலாம் நாள் காலை கரைமேல் நடந்த சடைச்சியின் கண்ணில் பெயர்க்கல் பட்டது. அடிமண் கரைந்து, கல் அருவிப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. தண்டோராவில் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த செம்பையாவிடம் போனாள்.

"ஐயா, கரை கெடக்கட்டும். ஒங்க கல்லு சாயுதே!"

செம்பையா நூலில் கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். சால்வையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குதிரையில் ஏறினார். மறுநாள் நண்பகலுக்குள் பல்லக்கு வந்து இறங்கியது. அறவாழியாரின் செந்தமிழ் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

"அய்யய்யோ, எம் பொழப்பே போச்சே! புடிங்கடா, யாராச்சும் கல்லைப் புடிங்கடா!"

எட்டுப் பேர் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் ஒரு செயலர் ஓலைக்குடையோடு முன்னால் வந்து பணிவாகக் கேட்டார். "பத்து முழத்துக்குத் தரையை உறுதி செய்ய வேண்டுமாயின் அருவியை அடைக்க நேரிடும். அது கொள்கைக்கு விரோதமாகாதா?"

"அருவி கொறைஞ்சா எவனுக்குய்யா வேல போகுது? கல்லு சாஞ்சா எனக்குப் போகுது! அடைங்கடா!"

ஐந்நூறு ஆட்கள், அறுபது மாட்டுவண்டி, மலைபோல் களிமண். எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் இடிக்க வேண்டும் என்று சடைச்சி சொல்லச் சொல்ல, மந்திரியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை மிதித்தார். மாலைக்குள் கசிவு அடைபட்டது. கல் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள், தரை நனையாத வீட்டில் பொன்னுருவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை அழாத சடைச்சி அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை. கல்லைச் சுற்றிப் பத்து முழம்தான் கெட்டிப்பட்டது. மிச்சக் கரை? இருபது முழத்துக்கு ஒன்றாகக் கரை நெடுகப் பெயர்க்கல் வேண்டும் என்று ஊரைக் கூட்டி மனு எழுத வைத்தாள். மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம் பெயர் மீது மக்களுக்கு இத்துணைப் பற்றா!" என்றார்.

செய்தி பரவியது. விரிசல் விட்ட பாலத்தின் காலடியில் ஒரு கல் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சரிந்த சுவரோரம் ஒன்று கேட்டார்கள். மருத்துவச்சாலைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே, கட்டில்களுக்கு நடுவில் நடச் சொன்னார்கள். கல்லில் பாசி பிடிக்கக் கூடாதே என்று அலறிக்கொண்டு அதிகாரிகள் கூரையை மாற்றினார்கள். திரை இழுத்து இழுத்து மன்னருக்குத் தோள்பட்டை வீங்கியது. நாடு மெல்ல நிமிர்ந்தது.

அதற்குள் தேர்தல் வந்தது. கொடிவேந்தர் தோற்றுப்போனார். முறக் கட்சியின் இளவழுதியார் முடிசூடினார். பழைய மன்னரின் பெயர்க்கற்கள் அனைத்தையும் ஒரு மாதத்துக்குள் பிடுங்கி எறிய வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆணை. நிறைவேற்ற வந்தவர் மராமத்து மந்திரி அறவாழியார். அன்று காலைதான் முறக் கட்சியில் சேர்ந்திருந்தார்.

கடப்பாரைகள் ஏரிக்கரைக்கு வந்தன. இடுப்பில் பேத்தியோடு சடைச்சி குறுக்கே நின்றாள்.

"பிடுங்குங்கள்!" என்றார் அறவாழியார். செந்தமிழ் திரும்பி வந்திருந்தது.

"புடுங்குனா குழி விழும். குழி விழுந்தா கரை போயிரும்யா."

"கரை போனால் போகட்டும். பெயர் போக வேண்டும்."

"பேருதான போகணும்? கல்லைத் திருப்பி நடுங்க. பின்பக்கம் வெறுங்கல்லுதான். ஒங்க புது ராசா பேரை அதுல வெட்டிக்கிடுங்க."

அறவாழியார் கல்லைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதைத்தான் யாம் இரவெல்லாம் சிந்தித்து வந்தோம்" என்று அறிவித்தார்.

ஒவ்வொரு கல்லாகத் தோண்டினார்கள். குழியில் புதுக் களிமண்ணும் சுண்ணாம்பும் கொட்டி இடித்தார்கள், கல்லைத் திருப்பி நட்டார்கள். பழைய பெயர் ஏரித் தண்ணீரைப் பார்த்து நின்றது. மீன்கள் படித்திருக்கலாம். கரையோ முன்னைக்கு இப்போது இன்னும் கெட்டியாக இருந்தது. சடைச்சி அதைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அத்திமேட்டில் ஆட்சி மாறினால் கல் திரும்பும், கல் திரும்பினால் நாட்டில் உள்ள பள்ளிக்கூடம், பாலம், கரை எல்லாவற்றுக்கும் அடிமண் புதிதாகும்.

அத்திமேட்டு மக்கள் ஏன் எந்தக் கட்சியையும் அடுத்தடுத்து இரண்டு முறை தேர்ந்தெடுப்பதில்லை என்று அறிஞர்கள் ஏழு தடித்த நூல்கள் எழுதியிருக்கிறார்கள். மக்களின் முதிர்ச்சி என்கிறது ஒரு நூல். மறதி என்கிறது இன்னொன்று. அவர்களில் ஒருவரும் கீழ்மடைப் பக்கம் வந்து கேட்கவில்லை.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் வருவார்கள். போன தேர்தலில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் சடைச்சி வீட்டு வாசலில் கும்பிட்டபடி நின்றார்.

"இப்ப கரையில கல்லுல யாரு பேரு இருக்கு?" என்று கேட்டாள் சடைச்சி.

"எங்க மன்னர் பேருதான் ஆத்தா!" என்றார் அவர் பெருமையாக.

"அப்ப இந்தத் தடவை எதிர்க்கட்சிக்குத்தான் போடணும். ஒரே பக்கமா நின்னுக்கிட்டே இருந்தா கல்லுக்கு அடி இத்துப் போயிரும்ல?"