சுண்டெலியின் ஆமைக்கு நாங்கள் செய்த தொண்டு

பெரிய ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் போட்டு இரு கரையையும் சேர்த்துவைக்கும் என் அருமைத் தங்கைக்கு, கண்ணாடிக் கடையும் கனத்த மனசுமாக உட்கார்ந்திருக்கும் உன் அண்ணன் எழுதிக்கொள்வது. உன் உடம்பும் உன் பாலமும் உறுதியாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் இந்தப் பேனாவே திரும்பி என் கையைக் கடிக்கும். போனில் சொன்னால் நீ முதல் வரியிலேயே அழுதுவிடுவாய். காகிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது பார், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பாலத்தின் ஓரத்தில் நின்று மட்டும் படிக்காதே.

நேற்று அந்தப் படிப்புச் செயலி உனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியதல்லவா, 'உங்கள் மகளின் அறிவியல் திறன் திடீரெனச் சரிந்துவிட்டது, அவளிடம் அன்பாகப் பேசுங்கள்' என்று? அதைப் பார்த்துவிட்டு நீ வேலையை அப்படியே போட்டுவிட்டு எனக்குப் போன் செய்து விம்மினாயே, அந்தச் சரிவு உன் மகளுடையது இல்லை. இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்: அதற்கு முன்னால் நீ ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாயே, அந்த ஏற்றமும் அவளுடையது இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன பரீட்சையில் நம்ம சுண்டெலி அறிவியலில் கோட்டைவிட்டாள். ஒளி, ரத்தம், உராய்வு, மூன்று பாடத்திலும் குப்புற விழுந்தாள். இந்த முறையும் விழுந்தால் அறிவியல் பிரிவு கிடைக்காது, கால்நடை டாக்டர் கனவு தெருவோடு போய்விடும் என்று நீதான் புதுப் போன் வாங்கி, அந்தச் செயலியைப் போட்டு, அவளையும் போனையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். அந்தச் செயலிக்குள் ஒரு ஆமை இருக்கிறது. தினமும் கேள்விக்குப் பதில் சொன்னால் அது நடக்கும். ஒருநாள் விட்டால் மல்லாந்து விழுந்து நாலு காலையும் உதைத்துக்கொண்டு நம்மையே பார்க்கும். அந்தப் பார்வை இருக்கிறதே, கடன்காரனைக்கூடக் கரைத்துவிடும். ஒரு சாயங்காலம் இவள் குளிக்கப் போயிருந்தாள், போன் மேசைமேல், ஆமை ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. நான் என்ன கல்லா? ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் போட்டேன். லென்ஸ் பற்றிய கேள்வி. என் வயிற்றுப்பிழைப்பே லென்ஸ்தானே. ஆமை நிமிர்ந்தது, காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டின, ஏதோ ஒரு கூட்டமே கைதட்டியது. என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை தங்கச்சி. என் கல்யாணத்தில்கூட.

அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். மறுநாளும் தொட்டேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, படிக்கிற பிள்ளையின் போனில் கையை வைக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கிழிகிழியென்று கிழித்தாள். கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். திரையில் வெள்ளணுக்கள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைநரைத்தவள் அவள்; கை சும்மா இருக்குமா? சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான், அடுப்பில் குழம்பு கரியாகிக் கரி சாம்பலாகிறவரை எழுந்திருக்கவில்லை. புகைநாற்றத்துக்கு ஓடிவந்த மாடிவீட்டு பஸ் டிரைவர் அண்ணன் தண்ணீர் வாளியோடு நின்றார். திரையில் அப்போது, டயர் தேய்ந்துபோனால் வண்டி ஏன் வழுக்குகிறது என்று ஒரு கேள்வி. வாளியைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போவதில்லை, நேரே ஆமையிடம்தான் வருகிறார்.

இப்படியாகத்தான் உனக்கு அந்த அறிக்கை வந்தது: உன் மகள் ஒளியிலும் ரத்தத்திலும் பிரேக்கிலும் உலகம் காணாத மேதை என்று. நீ இனிப்பு வாங்கிக் கொடுத்ததாகவும் மேஸ்திரிகள்வரை வாழ்த்தியதாகவும் சொன்னாய். நாங்கள் மூவரும் அந்த வாழ்த்தை ரகசியமாகப் பங்குபோட்டுக்கொண்டோம்.

அடுத்து வந்தது இடி. காலையில் சாப்பிடும்போது சும்மா பேச்சுக்கு, கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ் என்று இவளைக் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அந்தப் பாடத்தை ஆமை வேணாம்னுடுச்சு மாமா. எனக்கு எல்லாம் தெரியுமாம். ரத்தமும் உராய்வும்கூட வேணாமாம்."

எனக்குப் பூமி பிளந்தது. பிளந்த பூமிக்குள் நான் போனேன், எனக்குப் பின்னால் நாற்காலியும் வந்தது. பிள்ளை தோற்ற மூணு பாடத்தையும் நாங்களே ஜெயிச்சு, அவ கண்ணுலயே படாமப் பண்ணிட்டோம்டி. அன்பா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு அவ எதிர்காலத்து மேல மூணு பேரும் ஏறி உக்காந்திருக்கோம்.

உடனே சபை கூடினோம். வேண்டுமென்றே தப்பாகப் பதில் போட்டு ஆமையை ஏமாற்றுவது, அது பயந்துபோய் அந்தப் பாடங்களைத் திரும்பக் கொடுக்கும் என்று முடிவு. போட உட்கார்ந்தால் கை வரவில்லை. உன் அண்ணி, எதை வேண்டுமானாலும் தப்பாகச் சொல்வேன், ரத்த குரூப்பை மட்டும் சொல்ல மாட்டேன், யாராவது செத்துடுவாங்க என்று எழுந்து போய்விட்டாள். டிரைவர் அண்ணன் ஈரச்சாலையில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று அழுத்திவிட்டு, அழுத்திய விரலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் பாவமெல்லாம் நானே செய்தேன். குவியைக் குழி என்றேன், குழியைக் குவி என்றேன். அந்தத் துரோகி ஆமை பாடத்தைத் திரும்பக் கொடுக்காமல் உன்னிடம் கோள் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை பரீட்சை. நீ உடனே புறப்பட்டு வா. வந்து பிள்ளையைக் காப்பாற்று. அந்தச் செயலியை அங்கிருந்தே நிறுத்திவிடு. எங்களை வேண்டுமானால் நீ கட்டுகிற பாலத்தில் ஆளுக்கொரு தூணாக நட்டுவிடு.

நீயும் உன் பாலமும் நூறாண்டு நிற்க வாழ்த்தி, அண்ணியின் அன்பையும் டிரைவர் அண்ணனின் கண்ணீரையும் சேர்த்து அனுப்புகிற,
உன் பாவப்பட்ட அண்ணன்.

பி.கு.: கூரியர் உறையை ஒட்டப்போன நேரத்தில் சுண்டெலி பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். கத்தவில்லை. பையிலிருந்து முகமெல்லாம் கீறல் விழுந்த தன் பழைய போனை எடுத்து நீட்டினாள். அதில் இன்னொரு ஆமை. ஒளி, ரத்தம், உராய்வு என்று ஒவ்வொரு பாடத்திலும் விழுந்து, எழுந்து, விழுந்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

"புதுப் போன்ல இருக்கிறது உங்க ஆமை மாமா. நீங்க அன்னிக்குத் தொட்டதுமே விட்டுட்டேன். அது இருக்கிறவரைக்கும் ரூமுக்கு வந்து படிச்சியா படிச்சியான்னு யாரும் கேக்கலை. சாப்பாட்டுல சொன்னது சும்மா, உங்க மூஞ்சியைப் பார்க்க."

நான் நம்புவேனா? போன வருஷக் கேள்வித்தாளைக் கொடுத்து உட்காரவைத்தோம். உன் அண்ணி பூதக்கண்ணாடி வைத்துத் திருத்தியும் அரை மதிப்பெண்தான் குறைக்க முடிந்தது, அதுவும் கையெழுத்துக்கு.

ஆகையால் நீ வர வேண்டாம். வந்தால் படிச்சியா என்று கேட்பாய். செயலியை நிறுத்தச் சொன்ன வரியை மட்டும் மறக்காமல் அடித்துவிடு. தாவரங்கள் பாடத்தில் நாங்கள் மூன்று பேருமே ரொம்ப வீக்.